நெட் தேர்வுக்கு மரபியல், செல் உயிரியல் கணக்குகளைப் பயில்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் உயிர் அறிவியல் தாளுக்குத் தயாராகும் பலர் மரபியலை நன்றாகப் படித்திருப்பார்கள். மூன்று மரபணுச் சோதனைக் கலப்பு (மூன்று மரபணுக்களில் கலப்பினமான உயிரியை, மூன்றிலும் ஒடுங்கு அல்லீல்கள் மட்டுமே உள்ள உயிரியோடு கலப்பது) என்றால் என்ன என்று கேட்டால் தடுமாறாமல் விளக்குவார்கள். ஆனால் எட்டு வகைச் சந்ததிகளின் எண்ணிக்கையைக் கொடுத்து, நடுவில் இருக்கும் மரபணு எது என்று கேட்டால் கை நின்றுவிடும். காரணம் அறிவுக் குறைவு இல்லை. விடையோடு சேர்த்துக் கணக்கைப் படித்தே பழகியதுதான். தீர்வைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் தோன்றும். அடுத்த வரி என்ன என்று தீர்மானிக்கும் வேலையை மட்டும் நாம் செய்திருக்கமாட்டோம். தேர்வு சோதிப்பது அந்த வேலையைத்தான்.

விடையிலிருந்து தரவை உருவாக்கத் தெரிந்தவருக்குத் தரவிலிருந்து விடைக்குப் போவது எளிது. எனவே கணக்கைப் போடுவதோடு நிறுத்தாமல், கணக்கை அமைக்கவும் பழகுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இதைத்தான் வலியுறுத்துகிறேன். மரபியலுக்கு இது பொருந்துவது வெளிப்படை. செல் உயிரியலுக்கும் அதே அளவு பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

படி 1: தாளின் அமைப்பைக் கணக்கில் எடுங்கள்

மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பகுதி ஏ-இல் 20 வினாக்களில் 15-க்கும், பகுதி பி-இல் 50-இல் 35-க்கும் விடையளிக்கலாம். இரண்டிலும் வினாவுக்கு 2 மதிப்பெண். பகுதி சி-இல் 75 வினாக்கள். அவற்றில் 25-க்கு விடையளிக்க வேண்டும். வினாவுக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் கால் பங்கு குறையும்.

பாதி மதிப்பெண் பகுதி சி-இல் இருக்கிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு வினாக்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆகவே எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகத் தொட்டவரை விட, சில பகுதிகளில் எந்த வினா வந்தாலும் போட்டுவிடக்கூடியவருக்கு இந்தத் தாள் சாதகமானது. பாடத்திட்டத்தின் 13 அலகுகளில் செல் அமைப்பு இரண்டாவது, செல்களுக்கு இடையேயான தொடர்பும் சமிக்ஞையும் நான்காவது, மரபுவழி உயிரியல் எட்டாவது. மரபியல் கணக்குகளுக்கு ஒரு சிறப்பு உண்டு: போட்டு முடித்த பிறகு விடை சரியா என்று நீங்களே சரிபார்க்க முடியும். விலங்கு வகைப்பாட்டிலோ தாவர உடற்செயலியலிலோ அந்த வசதி குறைவு.

படி 2: பழைய வினாக்களை ஆண்டு வாரியாக அடுக்காதீர்கள்

பழைய வினாத்தாள்களும் விடைக் குறிப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை ஆண்டு வரிசையில் ஒவ்வொரு தாளாகப் போடுவதுதான் பொதுவான வழக்கம். ஆனால் அப்படிப் போட்டால் பெடிகிரி (குடும்ப மரபுவழிப் படம்) வினா ஒன்றைப் பார்த்த பிறகு அடுத்த பெடிகிரி வினாவைப் பார்ப்பதற்குள் ஒளிச்சேர்க்கையும் நோய்த்தடுப்பும் நடுவில் வந்துவிடும். முதல் சுற்றில் வகை வாரியாகப் பிரியுங்கள்: மரபணு வரைபடம், பெடிகிரி, எபிஸ்டாசிஸ் (ஒரு மரபணு மற்றொன்றின் விளைவை மறைப்பது) விகிதங்கள், பாக்டீரிய மரபியல், செல் சுழற்சி, புரதக் கடத்தல் என்று. ஒரே வகையில் ஏழெட்டு வினாக்களை அடுத்தடுத்துப் போடும்போதுதான் வினா அமைப்பவர் எதை மாற்றுகிறார், எதை மாற்றாமல் விடுகிறார் என்பது தெரியவரும். இரண்டாம் சுற்றில் எல்லாவற்றையும் கலந்துவிடுங்கள்; எந்த வகை வினா இது என்று கண்டுகொள்வதும் தேர்வின் ஒரு பகுதிதான்.

அண்மைய இரண்டு தாள்களைத் தொடவே தொடாதீர்கள். அவை கடைசிக் கட்டத்துக்கு வேண்டும்.

படி 3: நிகழ்தகவில் கை பழகட்டும்

மரபியலின் பாதி, பெருக்கல் விதியும் கூட்டல் விதியும்தான். ஐந்து மரபணுக்களில் கலப்பினமான செடியைத் தற்கலப்புச் செய்தால் எல்லாப் பண்பிலும் ஓங்கு தோற்றம் காட்டும் சந்ததி எவ்வளவு என்று கேட்டால் புன்னெட் கட்டம் போடாதீர்கள். ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாகப் பார்த்து (3/4)⁵ = 243/1024 என்று எழுதுங்கள். மரபணுக்கள் தனித்து ஒதுங்குகின்றன என்பது தெளிவானால் மட்டும்தான் இப்படிப் பெருக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

'குறைந்தது ஒன்று', 'சரியாக ஒன்று' என்ற இரண்டு சொற்றொடர்களில் பல மதிப்பெண்கள் கைநழுவுகின்றன. கடத்திகளான (ஒடுங்கு நோய் அல்லீல் ஒன்றைச் சுமந்தும் நோயற்ற) பெற்றோருக்கு நான்கு குழந்தைகள். குறைந்தது ஒரு குழந்தைக்கு ஒடுங்கு நோய் இருப்பதற்கான நிகழ்தகவு 1 – (3/4)⁴ = 175/256. சரியாக ஒரு குழந்தைக்கு மட்டும் என்றால் 4 × 1/4 × (3/4)³ = 27/64. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இத்தகைய சொற்றொடர்களை வினாவில் கண்டவுடன் அடிக்கோடிடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மூன்று மரபணுச் சோதனைக் கலப்பு

இந்த ஒரு வகைக்கு மற்ற எதையும் விட அதிக நேரம் கொடுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கனின் ஆய்வகத்தில் இருந்த ஸ்டர்டிவண்ட், 1913-இல் முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்டபோது பயன்படுத்திய அதே தர்க்கம்தான் இதில் இருக்கிறது. இது வசப்பட்டால் டெட்ராட் பகுப்பாய்வும் (ஒரே மியோசிஸில் உருவான வித்துகளைச் சேர்த்துப் பார்ப்பது) பாக்டீரிய வரைபடமும் அந்நியமாகத் தோன்றா.

ப, ம, க என்ற மூன்று ஒடுங்கு அல்லீல்கள். + என்பது இயல்பு அல்லீல். மூன்றிலும் கலப்பினமான பெண் பழ ஈயைச் சோதனைக் கலப்புச் செய்து கிடைத்த 1000 சந்ததிகள்:

ப + க – 358
+ ம + – 354
ப ம க – 97
+ + + – 91
+ + க – 46
ப ம + – 42
+ ம க – 7
ப + + – 5

முதலில் பெரிய எண்களைத் தேடுங்கள். 358, 354 ஆகிய இரண்டும் பெற்றோர் வகை. 'ப ம க', '+ + +' ஆகியவைதான் பெற்றோர் வகை என்று கண் சொல்லும்; அதை நம்பாதீர்கள். பெற்றோர் வகையை எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது, அல்லீல்களின் தோற்றம் இல்லை. மிகச் சிறிய எண்களான 7, 5 ஆகியவை இரட்டைக் குறுக்கேற்ற வகைகள், அதாவது இரண்டு இடைவெளிகளிலும் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியவை.

இப்போது பெற்றோர் வகையான 'ப + க'-வையும் இரட்டைக் குறுக்கேற்ற வகையான 'ப + +'-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த ஒன்று மாறியிருக்கிறது? க. எனவே நடுவில் இருப்பது க. உண்மையான வரிசை ப – க – ம. வினாவில் கொடுத்த வரிசை உண்மையான வரிசை இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. எட்டு வகைகளையும் இந்தப் புதிய வரிசையில் திரும்ப எழுதுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்க நினைப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

ப–க இடைவெளியில் ஒற்றைக் குறுக்கேற்றம்: 46 + 42 = 88. அதோடு இரட்டைக் குறுக்கேற்றம் 12-ஐச் சேர்த்தால் 100. தொலைவு 10 சென்டிமார்கன் (1 விழுக்காடு மறுகூட்டிணைவு 1 சென்டிமார்கன்). க–ம இடைவெளி: 97 + 91 + 12 = 200; தொலைவு 20 சென்டிமார்கன். ஆகவே ப–ம தொலைவு 30. ஆனால் ப-வையும் ம-வையும் மட்டும் பார்த்தால் மறுகூட்டிணைவு 88 + 188 = 276, அதாவது 27.6 விழுக்காடுதான் கண்ணுக்குத் தெரியும். இரட்டைக் குறுக்கேற்றம் நடந்த செல்களில் ப-வும் ம-வும் பழையபடியே சேர்ந்து நிற்பதால் அவை எண்ணிக்கையில் வராமல் போகின்றன. 1.2-ஐ இருமுறை கூட்டினால் 30 வந்துவிடும். 27.6-ம் 30-ம் இரண்டுமே விடைத் தெரிவுகளில் இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

எதிர்பார்க்கும் இரட்டைக் குறுக்கேற்றம் 0.1 × 0.2 × 1000 = 20. கிடைத்தது 12. உடனிகழ்வுக் கெழு 12/20 = 0.6, குறுக்கீடு 1 – 0.6 = 0.4.

இதோடு நிறுத்தினால் பாதிப் பயிற்சிதான் முடிந்தது. அடுத்து நீங்களே ஒரு கணக்கை அமையுங்கள். தொலைவுகள் 8, 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்; குறுக்கீடு 0.25, சந்ததிகள் 2000. எதிர்பார்க்கும் இரட்டைக் குறுக்கேற்றம் 24. அதில் முக்கால் பங்கு, அதாவது 18 கிடைக்கும். முதல் இடைவெளியில் 160 – 18 = 142, இரண்டாவதில் 300 – 18 = 282, மீதி 1558 பெற்றோர் வகை. ஒவ்வொன்றையும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்து, மரபணுக்களின் வரிசையைக் குலைத்து, தனித் தாளில் எழுதி மடித்து வையுங்கள். சில நாள் கழித்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். நண்பர்களோடு படிக்கிறீர்கள் என்றால் இந்தத் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள்; கூட்டுப் படிப்பால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு மூன்று கணக்குகளை அமைத்தவுடனே, இரட்டைக் குறுக்கேற்றத்தை ஏன் இருமுறை சேர்க்கிறோம் என்ற ஐயம் தானாகத் தீர்ந்துவிடும். ஏனென்றால் நீங்களே அதை இருமுறை கழித்திருப்பீர்கள்.

ஒரு பொறியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் நடப்பதில்லை. பட்டுப்பூச்சியில் பெண்ணில் நடப்பதில்லை. கலப்பினமான பெற்றோர் ஆண் பழ ஈ என்று வினாவில் இருந்தால், தொலைவு எதுவானாலும் பெற்றோர் வகைகள் மட்டுமே கிடைக்கும்.

படி 5: விகிதங்களை மனப்பாடம் செய்யாமல் வரையுங்கள்

9:7, 9:3:4, 12:3:1, 13:3, 15:1 என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேதிப்பாதையை வரையுங்கள். நிறமற்ற பொருள் → பழுப்பு → கறுப்பு. முதல் அம்புக்குறிக்கு ஒரு மரபணு, இரண்டாவதுக்கு மற்றொன்று. முதல் நொதி இல்லாவிட்டால் இரண்டாவது இருந்தும் பயனில்லை. அதனால் 9 கறுப்பு, 3 பழுப்பு, 4 வெள்ளை. இடைப்பொருளுக்கும் நிறம் இல்லை என்று மாற்றினால் 9:7. இரண்டு நொதிகளும் ஒரே வேலையைச் செய்யும் என்றால் 15:1. பாதை கையில் இருந்தால் சோதனைக் கலப்பு விகிதமும் உடனே வரும்: 9:3:4-க்கு 1:1:2, 9:7-க்கு 1:3. தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் படிதான்.

விகிதம் பொருந்துகிறதா என்பதற்குக் கை-வர்க்கச் (χ²) சோதனை: ஒவ்வொரு வகைக்கும் (கிடைத்தது – எதிர்பார்ப்பு)² ÷ எதிர்பார்ப்பு கண்டு கூட்டுவது. 160 சந்ததிகளில் 98 ஊதா, 62 வெள்ளை. 9:7 என்றால் எதிர்பார்ப்பு 90, 70; கை-வர்க்கம் 64/90 + 64/70 = 1.63. இரண்டு வகைகள் என்பதால் கட்டின்மை எண் (வகைகளின் எண்ணிக்கையை விட ஒன்று குறைவு) 1. ஐந்து விழுக்காட்டு எல்லை 3.84. பொருந்துகிறது. 3:1 என்று வைத்தால் எதிர்பார்ப்பு 120, 40. கை-வர்க்கம் 16-ஐத் தாண்டிவிடும். எண்ணிக்கையைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். விழுக்காடாக மாற்றினால் விடை தவறாகும். ஹார்டி-வெயின்பெர்க் சமநிலையை (அல்லீல், ஜீனோடைப் அடுக்கங்கள் தலைமுறைதோறும் மாறாதிருக்கும் நிலை) சோதிக்கும்போது மூன்று ஜீனோடைப்கள் இருந்தாலும் கட்டின்மை எண் 2 ஆகாது, 1 தான். அல்லீல் அடுக்கத்தை அதே தரவிலிருந்து எடுத்ததால் ஒன்று குறைகிறது.

படி 6: பெடிகிரி, அதிலும் நிபந்தனை நிகழ்தகவு

மரபுவழி முறையைக் கண்டுபிடிப்பது எளிய பகுதி. நோயற்ற பெற்றோருக்கு நோயுள்ள மகள் பிறந்திருந்தால் அது உடல் குரோமோசோம் சார்ந்த ஒடுங்கு நோய். நோயுள்ள தந்தையின் மகள்கள் அனைவருக்கும் நோய், மகன்கள் எவருக்கும் இல்லை என்றால் எக்ஸ் சார்ந்த ஓங்கு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போய், தந்தையிடமிருந்து எவருக்கும் போகாவிட்டால் மைட்டோகாண்ட்ரியா. ஒவ்வொரு முறையையும் 'இது இல்லை' என்று நிரூபிக்கும் ஒரு சதுரத்தையோ (ஆண்) வட்டத்தையோ (பெண்) படத்தில் தேடுங்கள். பொருந்துவதைத் தேடுவதை விட வேகமானது இதுதான்.

கடினமானது, கிடைத்த புதிய தகவலால் நிகழ்தகவைத் திருத்துவது. ஒரு பெண், அவளுடைய சகோதரனுக்கு உடல் குரோமோசோம் ஒடுங்கு நோய், பெற்றோருக்கு இல்லை. அவளுக்கும் நோய் இல்லை என்பது தெரிந்துவிட்டதால் அவள் கடத்தியாக இருக்க 2/3 வாய்ப்பு. 1/2 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. உறவில்லாத அவள் கணவனுக்கும் இதே நிலை: 2/3. முதல் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு 2/3 × 2/3 × 1/4 = 1/9.

முதல் குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது, இரண்டாவது குழந்தைக்கு? இருவரும் கடத்திகள் என்ற நிலைக்குத் தொடக்க வாய்ப்பு 4/9, அந்த நிலையில் நலமான குழந்தை பிறக்க 3/4, பெருக்கினால் 3/9. மற்ற நிலைகள் 5/9. அங்கே குழந்தை நலமாகப் பிறப்பது உறுதி. இருவரும் கடத்திகள் என்பதன் திருத்திய வாய்ப்பு 3/9 ÷ (3/9 + 5/9) = 3/8. இரண்டாவது குழந்தைக்கு நோய் வர 3/8 × 1/4 = 3/32. நலமான குழந்தை ஒன்று பிறந்ததால் வாய்ப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. குறையாமல் கூடியிருந்தால் எங்கோ தவறு என்று பொருள்.

பெடிகிரியில் இரட்டைக் கோடு உறவுத் திருமணத்தைக் குறிக்கும். தாய்மாமன்-மருமகள் திருமணமும் அத்தை மகள், மாமன் மகள் திருமணமும் நம் ஊரில் வழக்கத்தில் இருந்துவருவதால் இந்த எண்களின் பொருள் நமக்கு நன்றாகவே புரியும். உட்கலப்புக் கெழு (ஒரு மரபணுவின் இரு நகல்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) முதல்நிலை ஒன்றுவிட்ட உறவில் 1/16; தாய்மாமன் உறவில் 1/8. ஒடுங்கு அல்லீலின் அடுக்கம் 0.01 என்றால், உறவற்ற தம்பதியின் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு 0.0001. தாய்மாமன் திருமணத்தில் அதோடு 1/8 × 0.99 × 0.01 கூடும், மொத்தம் 0.00134, அதாவது ஏறத்தாழ 13 மடங்கு. ஒன்றுவிட்ட உறவில் ஏறத்தாழ 7 மடங்கு. அல்லீல் அடுக்கத்தை 0.1 என்று மாற்றி நீங்களே கணக்கிடுங்கள். மடங்கு வெகுவாகக் குறைந்துவிடும். அரிய நோய்களில்தான் உறவுத் திருமணத்தின் தாக்கம் பெரிதாகத் தெரிகிறது என்பதை வரியாகப் படிப்பதை விட இப்படிக் கண்டறிவது நிலைக்கும்.

படி 7: சுருக்கமாக முடிக்கக்கூடிய மரபியல் வகைகள்

ஈஸ்ட் டெட்ராட்களில் பெற்றோர் இருவகை (PD), பெற்றோரல்லா இருவகை (NPD), நால்வகை (T) என்று மூன்று. முதல் இரண்டும் சம அளவில் இருந்தால் பிணைப்பு இல்லை. 200 ஆஸ்கஸ்களில் (வித்துப் பைகளில்) அவை முறையே 148, 2. நால்வகை 50 என்று வையுங்கள். எளிய முறையில் (25 + 2)/200 = 0.135, அதாவது 13.5 சென்டிமார்கன்; இரட்டைக் குறுக்கேற்றத்தையும் கணக்கில் கொள்ளும் முறையில் 50 × (50 + 6 × 2)/200 = 15.5. எது கேட்கப்படுகிறது என்பதைப் பார்த்துப் போடுங்கள். நியூரோஸ்போராவில் சென்ட்ரோமியர் தொலைவுக்கு, இரண்டாம் பகுப்பில் பிரிந்த ஆஸ்கஸ்களின் விழுக்காட்டை இரண்டால் வகுக்க வேண்டும்; வகுக்க மறப்பதுதான் இங்கே நடக்கும் ஒரே பிழை.

எச்எஃப்ஆர் (தன் குரோமோசோமை மற்றொரு பாக்டீரியத்துக்கு வரிசையாகக் கடத்தும் ரகம்) வினாக்களில் ஒவ்வொரு ரகமும் வட்டத்தின் ஒரு துண்டைத் தருகிறது. பொதுவான மரபணுக்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வட்டத்தை மூடுங்கள். திசை எதிர்மாறாக இருக்கலாம். நிரப்புதல் சோதனை (இரண்டு சடுதிமாற்றங்களை ஒரே செல்லில் சேர்த்து இயல்புத் தோற்றம் வருகிறதா என்று பார்ப்பது) அட்டவணையில் '–' என்றால் இரண்டும் ஒரே மரபணுவில் நிகழ்ந்த சடுதிமாற்றங்கள். ஓங்கு சடுதிமாற்றத்தை இந்தச் சோதனையில் பயன்படுத்த முடியாது. நிரப்புதலுக்கு மறுகூட்டிணைவு தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 8: செல் உயிரியலில் முன்கணிப்பு எழுதுங்கள்

செல் உயிரியலை மனப்பாடப் பாடமாக நடத்துவதுதான் அதில் மதிப்பெண் குறைவதற்கு முதல் காரணம். பகுதி சி-இல் வருபவை பெரும்பாலும் சோதனைகள்: ஒரு மருந்தையோ சடுதிமாற்றத்தையோ கொடுத்து, ஏதோ ஒன்றை அளந்து, விளைவைக் கேட்பார்கள். விடைத் தெரிவுகளைக் கையால் மறைத்துவிட்டு, என்ன நடக்கும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்; பிறகே தெரிவுகளைப் பாருங்கள். தரவை முதலில் நீங்களே உருவாக்குவது இங்கேயும் அதேதான்.

செல் சுழற்சியில் தொடங்குங்கள்: ஜி1, டிஎன்ஏ இரட்டிக்கும் எஸ், ஜி2, செல் பிரியும் எம் என்று நான்கு நிலைகள். ராவும் ஜான்சனும் 1970-இல் ஹீலா எனும் மனிதச் செல்களை இணைத்துச் செய்த சோதனைகளை வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். எஸ் நிலைச் செல்லோடு ஜி1 செல்லை இணைத்தால் ஜி1 உட்கரு முன்கூட்டியே டிஎன்ஏ-வை இரட்டிக்கத் தொடங்கும். ஜி2 செல்லை இணைத்தால் ஜி2 உட்கரு மறுபடி இரட்டிக்காது. எம் நிலைச் செல்லோடு எதை இணைத்தாலும் அதன் குரோமோசோம்கள் சுருங்கும்: ஜி1 என்றால் ஒற்றை இழைகளாக, ஜி2 என்றால் இரட்டை இழைகளாக, எஸ் என்றால் நொறுங்கிய துண்டுகளாகத் தெரியும். காரணத்தோடு இந்த அட்டவணையை நினைவிலிருந்து எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரி வரைபடங்கள் (ஒவ்வொரு செல்லிலும் உள்ள டிஎன்ஏ அளவைக் காட்டுபவை; ஜி1-இல் 2சி, ஜி2-இலும் எம்-இலும் 4சி). நோகோடசோல் கொடுத்தால்? நுண்குழல்கள் கலைந்து செல்கள் எம் நிலையில் நிற்கும். 4சி மேடு உயரும். ஹைட்ராக்சியூரியா கொடுத்தால்? நியூக்ளியோடைடு பற்றாக்குறையால் எஸ் நிலையின் தொடக்கத்தில் செல்கள் தேங்கும். மேடு 2சி அருகே இருக்கும். அதை ஜி1 தேக்கம் என்று தவறாகப் படிக்கத் தூண்டும் தெரிவு ஒன்று கட்டாயம் இருக்கும். சைட்டோகைனசிஸ் (சைட்டோபிளாசம் பிரிவது) மட்டும் தடைபட்டால்? 4சி-யோடு நில்லாமல் 8சி-யும் தோன்றும். ஒவ்வொன்றையும் கையால் வரையுங்கள்.

எண் கணக்கும் உண்டு. சுழற்சி 24 மணி. எம் நிலையில் 4 விழுக்காடு செல்கள். எளிய கணக்கில் எம் நிலையின் நீளம் 0.96 மணி. ஆனால் பெருகிக்கொண்டிருக்கும் செல் கூட்டத்தில் பிரியப்போகும் செல்களை விடப் புதிதாகப் பிறந்த செல்கள் இருமடங்கு இருக்கும்; அதைக் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ 1.36 மணி. வினா எந்த அனுமானத்தைச் செய்யச் சொல்கிறது என்று கவனியுங்கள்.

அடுத்தது புரதக் கடத்தல். புரதச் சுரப்பைத் தடுக்கும், ஷெக்மனின் ஈஸ்ட் செக் சடுதிமாற்றங்கள் (2013 நோபல் பரிசில் இந்தப் பணியும் உண்டு) மரபியலும் செல் உயிரியலும் ஒன்றாகும் இடம். செக்12 பழுதானால் எண்டோபிளாச வலையிலிருந்து வெசிகிள்கள் (புரதத்தைச் சுமக்கும் சிறு பைகள்) உருவாவதில்லை. செக்18 பழுதானால் வெசிகிள்கள் உருவாகி, இணைய முடியாமல் குவியும். இரண்டும் பழுதான ஈஸ்டில்? வெசிகிள்கள் குவியா; முன்னே நிற்கும் தடையின் தோற்றம்தான் தெரியும். படி 5-இல் வரைந்த நிறமிப் பாதையின் அதே தர்க்கம்.

சமிக்ஞைப் பாதையில் இது தலைகீழாகும். சீ. எலிகன்ஸ் புழுவில் ராஸ் எனும் சமிக்ஞைப் புரதம் எப்போதும் இயங்கும் நிலைக்கு மாறினால் வல்வாக்கள் (முட்டையிடும் துளைகள்) அதிகமாகத் தோன்றும். அதற்குக் கீழே உள்ள ராஃப் செயலிழந்தால் வல்வாவே தோன்றாது. இரண்டும் சேர்ந்தால் கீழே உள்ள ராஃபின் தோற்றம் மேலோங்கும். பொருளை உருமாற்றிக்கொண்டே செல்லும் பாதையில் மேலே உள்ள தடை வெல்லும். திறந்து மூடும் கட்டளைப் பாதையில் எதிரெதிர்த் தோற்றங்கள் இருந்தால் கீழே உள்ளது வெல்லும். இரட்டைச் சடுதிமாற்ற வினா வந்தவுடன் இது எந்த வகைப் பாதை என்று கேட்டுக்கொள்ளாமல் எழுதவே எழுதாதீர்கள். எபிஸ்டாசிஸ் பற்றி இந்த வேறுபாட்டை விளங்க வைப்பதற்காகவே ஒரு முழு மாலைப் பொழுதைச் செலவிட்டாலும் தகும்.

மைக்ரோசோம் (எண்டோபிளாச வலைச் சவ்வின் துண்டுகளால் ஆன சிறு பை) சோதனை, ப்ளோபெலின் 1999 நோபல் பரிசுக்கு அடித்தளம். 30 கிலோடால்டன் முன்புரதம். உள்ளே நுழையும்போது வெட்டப்படும் சமிக்ஞைத் தொடரின் எடை 2. இரண்டு என்-கிளைக்கோசிலேற்ற (சர்க்கரை சேரும்) இடங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.5 கூட்டும். மைக்ரோசோம் இல்லாமல் உருவாக்கினால் ஜெல்லில் 30. உருவாகும்போதே மைக்ரோசோம் இருந்தால் 33. புரோட்டியேஸ் சேர்த்தாலும் 33 அப்படியே இருக்கும். டிடர்ஜென்டையும் சேர்த்தால் காணாமல் போகும். உருவாகி முடிந்த பிறகு மைக்ரோசோம் சேர்த்தால் 30; புரோட்டியேஸ் அதை அழித்துவிடும். இந்த ஜெல்லை வரைந்து, பிறகு புரதத்தில் சவ்வைத் துளைத்து நிற்கும் பகுதி ஒன்றைச் சேர்த்தால் புரோட்டியேஸுக்குப் பிறகு பட்டை எங்கே நிற்கும் என்று நீங்களே வினாவை நீட்டிக்கொள்ளுங்கள்.

அயனியின் சமநிலை மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்குச் சில நிமிடங்கள் போதும். பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 5 மில்லிமோலார் என்றால் 37 பாகை செல்சியஸில் 61.5 × லாக்(5/140) = –89 மில்லிவோல்ட். குளோரைடுக்குக் குறியை மாற்ற மறக்காதீர்கள்.

படி 9: பிழைக் குறிப்பேடு

தவறிய கணக்குகளுக்குத் தனிக் குறிப்பேடு வையுங்கள். சரியான தீர்வை அதில் நகலெடுக்க வேண்டாம். உங்கள் தீர்வில் முதன்முதலில் எந்த வரி தவறியது என்பதை மட்டும் எழுதுங்கள்: 'வரிசையைத் திருத்தாமல் தொலைவு கணக்கிட்டேன்', '2/3-க்குப் பதில் 1/2', 'பாதையின் வகையைக் கேட்கவில்லை'. ஒரே வரி மறுபடி மறுபடி வரும். அந்த வரிக்கு மட்டும் ஐந்து கணக்குகளை அமைத்துப் போடுங்கள். தவறிய வினாவை அன்றே திரும்பப் போடுவதில் பயனில்லை, விடை நினைவில் இருக்கும். ஒரு வாரம் விட்டுப் போடுங்கள்.

படி 10: நேரத்தோடு ஓட்டம்

தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, ஒதுக்கி வைத்த இரண்டு தாள்களில் ஒன்றை எடுங்கள். மூன்று மணி நேரம் தடையின்றி உட்காருங்கள். பகுதி ஏ-க்கு அரை மணி, பி-க்கு 50 நிமிடம், மீதி 100 நிமிடம் சி-க்கு. பகுதி சி-இல் முதலில் 75 வினாக்களையும் வேகமாகப் பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்: உடனே போடக்கூடியவை, நேரம் பிடித்தாலும் உறுதியாக வரக்கூடியவை, விட்டுவிட வேண்டியவை. எண் கணக்குகள் பெரும்பாலும் இரண்டாம் குவியலில் விழும். அவற்றைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், களைத்த மூளைக்குப் பின்னங்கள் ஒத்துழைக்கமாட்டா. ஒரு கணக்கில் ஐந்து நிமிடம் கடந்தும் பாதை தெரியவில்லை என்றால் விட்டு நகருங்கள்.

பகுதி சி-இல் இரண்டு தெரிவுகளை நீக்க முடிந்தால் ஊகிக்கலாம்; சராசரியாக 1.5 மதிப்பெண் கிடைக்கும். எதையுமே நீக்க முடியாத வினாவில் சராசரி 0.25 தான். 25 இடங்களில் ஒன்றை அதற்குக் கொடுக்கும் முன், உறுதியாக வரக்கூடிய வினா எதுவும் மீதி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தாளின் பிழைகள் குறிப்பேட்டில் ஏறி, அவற்றுக்கான கணக்குகளை அமைத்துப் போட்ட பிறகே இரண்டாவது தாளைத் திறங்கள். இடையில் பத்து நாளாவது இருக்கட்டும். கடைசி இரண்டு நாள்களில் புதிய வினா எதுவும் வேண்டாம். மடித்து வைத்த உங்கள் சொந்தக் கணக்குகளையும் பிழைக் குறிப்பேட்டையும் மட்டும் எடுங்கள்.